புளூடூத் இல்லாத கம்ப்யூட்டரில் புளூடூத் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப், அலுவலகத்திலிருந்து கைமாறி வந்த பழைய பிராண்டட் மெஷின், புளூடூத் இல்லாமல் வந்த மலிவு லேப்டாப் ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்தே பதில்கள் உள்ளன. லினக்ஸுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

என் கம்ப்யூட்டரில் புளூடூத் உண்மையிலேயே இல்லையா? எப்படி உறுதி செய்வது?

காசு செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். ‘புளூடூத்’ என்று ஒரு தலைப்பு இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் ஆன் செய்தால் போதும். அந்தத் தலைப்பு இல்லாமல், ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது தெரிந்தால், அது ட்ரைவர் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) போடாத புளூடூத்தாக இருக்கலாம். மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ட்ரைவரை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். மதர்போர்டின் போர்ட்டுகள் இருக்கும் தகட்டில், ஆன்டெனா திருகுவதற்கான பொன்னிற மரைச் சாக்கெட்டுகள் இரண்டு இருந்தால் போர்டிலேயே வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் ஏற்பாடு உண்டு. பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள், அல்லது உள்ளே கார்டு மட்டும் போடாமல் விட்டிருப்பார்கள்.

வயர்லெஸ் மவுஸோடு வந்த சின்ன யூஎஸ்பி ரிசீவர் இருக்கிறதே, அதில் ஹெட்செட்டை இணைக்க முடியாதா?

முடியாது. அதுவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது, ஆனால் பேசுவது அந்த நிறுவனத்தின் சொந்த மொழி. லாஜிடெக்கின் யூனிஃபையிங், போல்ட் ரிசீவர்கள் அந்த நிறுவனத்தின் மவுஸ், கீபோர்டுகளுக்கு மட்டும்தான். யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டிச் சாதனமான வைஃபை டாங்கிளும் அப்படியே: அட்டையில் புளூடூத் என்று எழுதியிருந்தால் ஒழிய அதில் புளூடூத் கிடையாது.

சேர்க்க என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பெரும்பாலானவர்களுக்கு யூஎஸ்பி டாங்கிள் போதும். நகத்தளவு இருக்கும், சில நூறு ரூபாய்க்குள் முடியும், கேபினெட்டைத் திறக்க வேண்டாம், நாளை வேறு மெஷினுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

வைஃபையும் சேர்த்து வேண்டும் என்றால், கேபினெட்டுக்குள் மதர்போர்டின் ஸ்லாட்டில் பொருத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு நல்லது. ஆன்டெனா வெளியே இருப்பதால் தூரமும் நிலைத்தன்மையும் டாங்கிளைவிட மேல். மதர்போர்டில் வைஃபை கார்டுக்கான எம்.2 ‘ஈ’ வகைச் சாக்கெட் காலியாக இருந்தால், அங்கே 22க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள கார்டைப் பொருத்தலாம். எஸ்எஸ்டி போடும் எம்.2 சாக்கெட் வேறு. அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், இந்தக் கார்டு அதில் உட்காராது.

நான்காவது வழி அதிகம் பேருக்குத் தெரியாது. பாட்டு கேட்க மட்டும் புளூடூத் வேண்டும் என்றால் யூஎஸ்பி ஆடியோ டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது வெறும் சவுண்டு கார்டாகத்தான் தெரியும். ஹெட்போனோடு சேரும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ட்ரைவர் தலைவலி இல்லை. ஆனால் அதில் மவுஸ், கீபோர்டு, ஃபைல் எதுவும் நடக்காது.

எந்த டாங்கிள் வாங்குவது? கடையில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?

மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் சிப்தான் முக்கியம். கடையில் அடிக்கடி எதிர்ப்படும் சிப்கள் இரண்டு. ஒன்று சிஎஸ்ஆர்8510: பழையது, புளூடூத் 4.0. மற்றது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8761பி வரிசை: 5.0 முதல் மேலே. டிபி-லிங்க் யூபி500 போன்ற பெயருள்ள டாங்கிள்கள் ரியல்டெக் சிப்பில்தான் ஓடுகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் பெயருள்ள நிறுவனத்தின் 5.0 அல்லது அதற்கு மேற்பட்ட டாங்கிளை எடுத்தால் போதும்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ மிகக் குறைந்த விலையில், பெயரே இல்லாமல், ‘சிஎஸ்ஆர் 4.0’ என்று மட்டும் அச்சிட்டு வரும் டாங்கிள்களில் போலி சிப்கள் நிறைய. அவை தம்மை சிஎஸ்ஆர் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். ஆனால் அசல் சிப் ஏற்கும் சில கட்டளைகளை ஏற்காது. விளைவு, டிவைஸ் மேனேஜரில் ‘கோட் 10’ பிழை, அல்லது இணைந்த சில நிமிடங்களில் துண்டிப்பு. இந்தப் போலிகளை அடையாளம் கண்டு சமாளிப்பதற்கென்றே லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் தனி ஏற்பாடு எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே புளூடூத் முகவரியோடு அச்சடித்தது போல வரும் மலிவு டாங்கிள்களும் உண்டு. ஒரே அறையில் இரண்டு கம்ப்யூட்டரில் அவற்றைப் போட்டால் ஹெட்செட் எதனோடு பேசுவது என்று குழம்பிவிடும்.

5.0, 5.3, 5.4 என்கிறார்களே, எண் கூடினால் தூரமும் சத்தத்தின் தரமும் கூடுமா?

பெரும்பாலும் கூடாது. புளூடூத் 5 வந்தபோது ‘இரு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்’ என்று விளம்பரம் செய்தார்கள். அது குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்இ முறைக்கு மட்டும் பொருந்தும். அதிலும் வேகமும் தூரமும் ஒரே நேரத்தில் கிடைக்காது, ஒன்றைத்தான் எடுக்க முடியும். வழக்கமான ஹெட்போன்கள் பாட்டு கேட்பது பழைய கிளாசிக் முறையில். அங்கே 4.0 டாங்கிளுக்கும் 5.3 டாங்கிளுக்கும் உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

வாங்கியது உண்மையில் எந்தப் பதிப்பு என்று பார்க்க: டிவைஸ் மேனேஜரில் புளூடூத் தலைப்பின் கீழ் அடாப்டரின் பெயரை இரட்டைக் கிளிக் செய்து ‘அட்வான்ஸ்டு’ பக்கத்துக்குப் போங்கள். ‘எல்எம்பி’ என்பதற்கு அடுத்து வரும் முதல் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் 4.0, 8 என்றால் 4.2, 9 என்றால் 5.0, 10 என்றால் 5.1, 12 என்றால் 5.3; 13 என்றால் 5.4. அட்டையில் 5.3 என்று போட்டு உள்ளே 6 வந்தால், பில்லோடு கடைக்குப் போக வேண்டியதுதான்.

டாங்கிளைச் செருகியதும் என்ன செய்ய வேண்டும்? கூட வந்த சிடியைப் போடவா?

சிடி வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 7 காலத்துத் தனி மென்பொருள். விண்டோஸ் 10, 11இன் சொந்த ஏற்பாட்டோடு முட்டிக்கொள்ளும். நெட் இணைப்பு இருக்கும்போது டாங்கிளைச் செருகி இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். ரியல்டெக் சிப் உள்ள டாங்கிளுக்கு, தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் ட்ரைவரையும் இறக்கிப் போட்டுவிடுங்கள். அரைகுறையாக வேலை செய்யும் டாங்கிள்கள் பல இதிலேயே சரியாகிவிடும்.

பிறகு ஹெட்செட்டை இணைப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வெறுமனே ஆன் செய்தால் போதாது. விளக்கு வேகமாக மின்னும்வரை பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்டு டிவைசஸ்’ போய் ‘ஆட் டிவைஸ்’ கொடுத்தால் பெயர் தெரியும். தெரியவில்லையென்றால் முதலில் பக்கத்தில் இருக்கும் போனின் புளூடூத்தை அணையுங்கள். ஏற்கெனவே போனோடு பழகிய ஹெட்செட் ஆன் ஆனதும் அதனிடம்தான் ஓடும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் எல்இ முறைக்கு உள்ளமைந்த ஆதரவு கிடையாது. புதிய புளூடூத் மவுஸ்கள் பல எல்இ மட்டும் பேசுபவை என்பதால் என்ன டாங்கிள் வாங்கினாலும் பொதுவாகச் சேராது.

இணைந்துவிட்டது. ஆனால் பாட்டு விட்டு விட்டு வருகிறது, மவுஸ் குதிக்கிறது. டாங்கிள் மட்டமா?

டாங்கிளைக் குறை சொல்லும் முன் அது எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தீரும்.

புளூடூத் ஓடுவது 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை. நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் தரவு ஓடும்போது, அதன் 5 ஜிகாபிட் சமிக்ஞையிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக இந்த 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடுகிறது. இன்டெல்லே 2012இல் இதை அளந்து ஒரு தொழில்நுட்பக் குறிப்பாக வெளியிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கும், அதன் கவசம் சரியில்லாத கேபிளும் முக்கியக் குற்றவாளிகள். சோதிப்பது எளிது: ஹார்டு டிஸ்க்கில் ஒரு பெரிய சினிமா ஃபைலைக் காப்பி போட்டுக்கொண்டே மவுஸை நகர்த்துங்கள். காப்பி ஓடும்போது மட்டும் குதித்து, முடிந்ததும் சரியானால் காரணம் தெரிந்துவிட்டது.

மருந்து ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள். டாங்கிளுக்கு யூஎஸ்பி 3.0 வேகம் தேவையே இல்லை. கேபிளைக் கறுப்பு நிற 2.0 போர்ட்டில் செருகி, மறுமுனையில் டாங்கிளைப் போட்டு மேசைமேல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். கேபினெட் மேசைக்கு அடியில், டாங்கிள் அதன் பின்பக்கத்தில், சுவரை ஒட்டி என்று இருந்தால் சமிக்ஞை இரும்புத் தகட்டையும் உங்கள் காலையும் தாண்டி வர வேண்டும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 ஜிகாஹெர்ட்ஸைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருப்பது தடையில்லாத வெளியில்.

அடுத்த சந்தேகம் வைஃபை. ரூட்டர் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடினால் புளூடூத்தின் இடத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். புளூடூத் நெரிசலான சேனல்களை ஒதுக்கித் தாவித் தாவித்தான் ஓடுகிறது, ஆனால் தாவ இடம் வேண்டுமே. கம்ப்யூட்டரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ரூட்டரில் அகலத்தை 20 ஆக்குங்கள்.

பாட்டு அருமையாகக் கேட்கிறது. மீட்டிங்கில் சேர்ந்ததும் பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆகிவிடுகிறதே?

இது கோளாறு இல்லை, கிளாசிக் புளூடூத்தின் அமைப்பே அப்படி. பாட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனால் ஒருவழிப் பாதை. மைக் தேவைப்பட்டதும் ஹெட்செட் பேச்சு முறைக்கு மாறுகிறது. அங்கே போவதும் வருவதும் மோனோதான். ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற மாதிரி எடுப்பு (சாம்ப்ளிங்) 8 கிலோஹெர்ட்ஸ், கொஞ்சம் நல்ல ஹெட்செட்டானால் 16 கிலோஹெர்ட்ஸ். விலை உயர்ந்த ஹெட்செட் வாங்கினாலும் இந்த எல்லை பெரும்பாலும் மாறாது.

தப்பிக்க வழி, மைக்கை வேறு இடத்திலிருந்து எடுப்பது. வெப்கேமிலோ லேப்டாப்பிலோ இருக்கும் மைக்கையோ, ஒரு சாதாரண யூஎஸ்பி மைக்கையோ மீட்டிங் மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் தெரியும். ‘ஸ்டீரியோ’ என்று இருப்பதைக் கேட்பதற்குத் தேர்ந்தெடுத்து, ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று இருப்பதைத் தொடாமல் விடுங்கள்.

எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. ஆனால் ஹெட்செட், டாங்கிள், ட்ரைவர், விண்டோஸ் 11 நான்கும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். டாங்கிள் அட்டையில் 5.3 என்று இருப்பது எல்இ ஆடியோவுக்கு உத்தரவாதம் அல்ல. அது விருப்பப்பட்டால் சேர்க்கும் அம்சம் மட்டுமே. ஆதரவு இருந்தால் விண்டோஸ் 11இன் புளூடூத் செட்டிங்ஸில் ‘எல்இ ஆடியோ’ பற்றிய சுவிட்ச் தெரியும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டேன். வைஃபை வருகிறது, புளூடூத்தைக் காணோம்.

பத்தில் ஒன்பது பேர் உள்ளே ஒரு கேபிளைச் செருகாமல் விட்டிருப்பார்கள். இந்தக் கார்டுகளில் வைஃபைதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் போகிறது. புளூடூத் யூஎஸ்பி வழியாகப் போகிறது. கார்டோடு வந்த மெல்லிய கேபிளின் ஒரு முனையைக் கார்டிலும் மறுமுனையை மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடரிலும் செருக வேண்டும். ‘எஃப்_யூஎஸ்பி’ என்பதுபோல போர்டிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு வரிசையில் ஐந்தும் நான்கும் பின்கள். ஒரு மூலை காலி. கேபிள் முனையிலும் அதே மூலை அடைத்திருக்கும். திருப்பி வைத்து அழுத்திப் பின்னை வளைத்துவிடாதீர்கள்.

வேலையின் வரிசை: ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கவும். பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடவும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்துச் சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நேராக இறக்கித் திருகவும். சின்ன ஸ்லாட் காலியில்லையென்றால் கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட்டிலும் அது ஓடும். யூஎஸ்பி கேபிளைச் செருகி மூடிய பிறகு ஆன்டெனாக்களைத் திருகவும். ஆன்டெனா இல்லாமல் சோதித்துவிட்டு ‘இரண்டடிக்கு மேல் எடுக்கவில்லை’ என்பவர்களும் உண்டு.

ஹெடர் ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுகள் எடுத்துக்கொண்டன என்றால் 9 பின் ஸ்ப்ளிட்டர் கேபிள் கிடைக்கும். கேபிளும் சரி, இன்னும் வரவில்லை என்றால் ட்ரைவர்: வைஃபைக்கும் புளூடூத்துக்கும் தனித்தனி.

எம்.2 கார்டு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இன்டெல் கார்டுகளில் கடைசி எண் முக்கியம். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை தனித்து இயங்கும் கார்டுகள்; ஏஎம்டி போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவற்றில் வேலையின் பாதியை மதர்போர்டில் இருக்கும் இன்டெல் சிப்செட்டே பார்க்கிறது. அதற்கு ஏற்ற இன்டெல் போர்டு இல்லாவிட்டால் சாக்கெட்டில் சரியாக உட்காரும், ஆனால் உயிர் வராது. விலை குறைவாகத் தெரிவதால் இதைத்தான் பலர் தவறாக வாங்குகிறார்கள்.

லேப்டாப்பில் பழைய கார்டைக் கழற்றும்போது இரண்டு ஆன்டெனா வயர்கள் எந்த முனையில் இருந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முனையை நகத்தால் நேராக மேலே நெம்ப வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் வயர் அறுந்துவிடும். மிகப் பழைய மினி பிசிஐ கார்டுகளின் ஆன்டெனா முனை பெரியது, எம்.2 கார்டில் பொருந்தாது. சில பழைய லேப்டாப்கள் தாம் அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் பூட் ஆகாமல் நின்றுவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு டாங்கிள்தான்.

உள்ளே இருக்கும் புளூடூத் சரியில்லை என்று டாங்கிள் போட்டேன். இப்போது எதுவுமே சரியாக இல்லை.

விண்டோஸ் ஒரே நேரத்தில் ஒரு புளூடூத் அடாப்டரைத்தான் பயன்படுத்தும். பழையதை டிவைஸ் மேனேஜரில் ‘டிசேபிள்’ செய்யுங்கள். ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பயாஸில் அணைக்க வசதி இருந்தால் அதுவே சுத்தமான வழி.

ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் புளூடூத் காணாமல் போகிறது.

விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக டாங்கிளை அணைத்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் அணையுங்கள்.

புளூடூத் கீபோர்டு வாங்கினால் பயாஸுக்குள் போக முடியுமா?

டாங்கிள் வழியாக என்றால் முடியாது. விண்டோஸ் எழுந்த பிறகுதான் டாங்கிள் வேலை செய்யும். ஒரு பழைய வயர் கீபோர்டைத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருங்கள்.

போனிலிருந்து போட்டோ அனுப்பினால் கம்ப்யூட்டர் வாங்க மறுக்கிறது.

விண்டோஸில் வாங்குவதற்கு முதலில் காத்திருக்கச் சொல்ல வேண்டும். டாஸ்க்பாரில் புளூடூத் சின்னத்தை வலது கிளிக் செய்து ‘ரிசீவ் எ ஃபைல்’ கொடுத்து, அந்தச் சாளரம் திறந்திருக்கும்போது போனிலிருந்து அனுப்புங்கள். நான்கைந்து போட்டோவுக்குச் சரி. நடைமுறையில் விநாடிக்கு 2 மெகாபிட் அளவில்தான் போகும் என்பதால் 100 எம்பி வீடியோவுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். அதற்கு யூஎஸ்பி கேபிள் மேல். ஐபோன் இந்த வழியில் ஃபைல் அனுப்பவே அனுப்பாது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

லினக்ஸில்?

அசல் சிஎஸ்ஆர் செருகியதும் ஓடும். ரியல்டெக் டாங்கிளுக்குக் கர்னலோடு ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) ஃபைலும் வேண்டும், உபுண்டு 24.04 போன்ற புதிய பதிப்புகளில் அது கூடவே வருகிறது. பழைய பதிப்பில் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ பொதியைப் புதுப்பித்து, டாங்கிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். அடாப்டர் தெரிந்தும் ஆன் ஆகவில்லையென்றால் ‘ஆர்எஃப்கில்’ கட்டளையால் தடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் வைத்திருப்பவர்கள் ‘ஒவ்வொரு முறை மாறும்போதும் மவுஸை மறுபடி இணைக்க வேண்டியிருக்கிறது’ என்பார்கள். டாங்கிளின் முகவரி ஒன்றுதான், ஆனால் இரண்டு இயங்குதளமும் மவுஸோடு பேசத் தனித்தனி ரகசியச் சாவி உருவாக்குகின்றன. மவுஸ் கடைசியாகப் பெற்ற சாவியை மட்டும் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் சாவியை எடுத்து லினக்ஸின் புளூடூத் கோப்புறையில் எழுதினால் இரண்டிலும் ஓடும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களுக்கு மாறும் பட்டன் உள்ள மவுஸ் வாங்கி, ஒரு எண்ணை விண்டோஸுக்கும் ஒன்றை லினக்ஸுக்கும் ஒதுக்கலாம் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மவுஸ் தனி முகவரி காட்டும் மாடல்களில் அது நடக்கும்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் டாங்கிளில் சேருமா?

பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே மாடல் எண்ணைப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்தின் 1537, 1697 ஆகியவற்றில் புளூடூத் இல்லை, 1708இலிருந்து உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.